அந்தரத்தில் இறுக்கிய போல்ட்

டண்டினோங் சவுத்தில் தகரக் கூரைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவின் கோடியில் சுஜீவாவின் கராஜ் இருக்கிறது. முதன்முறை வருகிற தமிழ் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நீல ஓவரோலும் கிரீஸ் பிடித்த கையுமாக எதிரே நிற்பவளிடமே கேட்பார்கள்: “தங்கச்சி, மெக்கானிக் எங்கை?” தொடக்கத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தாறு வயதாகிவிட்ட பிறகு அதற்கெல்லாம் கோபப்பட நேரமில்லை. “காரை உள்ளுக்கு விடுங்கோ, ஆள் வருவா” என்று சொல்லிவிட்டுத் தானே போய் பொனட்டைத் திறப்பாள். அந்த நேரம் கேட்டவருடைய முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

கிளிநொச்சியிலிருந்து வந்தவள் என்றதும் யுத்தக் கதை கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கதையை அவள் சொல்லமாட்டாள். கேட்டால், வந்த புதிதில் பாண் பேக்கரியில் பாணைப் பையில் போட்ட கதையைச் சொல்லுவாள். அதற்குப் பிறகு ஒரு ரயர்க் கடையில் தொலைபேசி எடுக்கிற வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சில்லுகளைக் கழற்றிப் பூட்டுவதை மூன்று வருடம் பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஒருநாள் முதலாளியிடம் போய், “நானும் அந்தப் பக்கம் வரட்டோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு பயிற்சிக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். முப்பது வயதில் டேஃப் தொழிற்கல்லூரியில் அப்ரன்டிஸ். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. அவள் கணவன் சுபாங்கன் ட்ராம் ஓட்டுகிறவன். “எனக்குத் தண்டவாளம் இருக்கு. உனக்குத்தான் ஸ்டியரிங் வில்லங்கம்” என்று அப்போதே பகிடி பண்ணினான்.

அவன் சொன்னது போலவே அவள் கெட்டிக்காரியானது காரின் முன்பக்கத்தில்தான். எஞ்சின் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அதைப் பற்றிக் கதைப்பார்கள். சில்லை நேராக வைத்திருக்கிறது எது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். கொன்ட்ரோல் ஆர்ம் என்று ஓர் இரும்புக் கை. ஒரு முனை காரின் அடிச்சட்டத்தில் பூட்டியிருக்கும், மறுமுனை சில்லைப் பிடித்திருக்கும். சில்லுப் பக்கத்தில் போல் ஜொயின்ட் என்கிற குண்டு மூட்டு. நம்முடைய தோள்மூட்டைப் போல, எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டை ரொட் என்கிற மெல்லிய கம்பி சில்லைத் தள்ளுகிறது, இழுக்கிறது. சில்லு அந்தக் குண்டு மூட்டில் சுழன்று திரும்புகிறது. பள்ளத்தில் விழுந்தால் சில்லு மேலே வந்து கீழே போகலாம், முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் அசையக் கூடாது. அசையவிடாமல் பிடிக்கிறதுதான் அந்தக் கையின் வேலை.

அந்தக் கை அடிச்சட்டத்தில் சேருகிற இடங்களில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, புஷ் இருக்கிறது. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். குழாய்க்குள்ளால் போல்ட் போகும். இறுக்கினால் குழாய் அசையாது. கை மேலும் கீழும் ஆடும்போது நடுவிலிருக்கிற ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். இதில் ஒரு சட்டம் உண்டு. கார் தன் பாரத்தோடு நான்கு சில்லிலும் நிற்கும்போதுதான் அந்தப் போல்டை இறுக்கவேண்டும். சில்லு அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், காரை நிலத்தில் இறக்கியதுமே ரப்பர் முறுகிவிடும். பிறகு கார் சும்மா நின்றாலும் அது முறுகியபடிதான் நிற்கும். பிழிந்த துணியை உதறாமல் அப்படியே விட்டது மாதிரி. சில மாதத்தில் கிழியும்.

இந்தச் சட்டத்தை சுஜீவா தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அவளிடம் இரண்டு ஹொயிஸ்ட் உண்டு. ஒன்று காரின் வயிற்றைப் பிடித்துத் தூக்குவது, சில்லெல்லாம் தொங்கும். அதில் கழற்றிப் பூட்டுவாள். மற்றது, கார் சில்லில் நின்றபடியே மேலே போகிற நாலு தூண் ஹொயிஸ்ட். சில்லின் கோணம் பார்க்கிற அலைன்மென்ட் வேலையும், கடைசி இறுக்கமும் அதில்தான். பதினாறு வருடத்தில் ஒருதரமும் இதை மாற்றியதில்லை. போன மாசி மாதம் வெள்ளிக்கிழமை ஒருதரம் மாற்றினாள்.

அதற்குக் காரணம் ராகுகாலம். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

விமலாதேவி அன்ரி ரோவிலில் இருக்கிறவ. முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. அந்தப் பக்கத்து வயதான ஆட்களை வெள்ளிதோறும் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக, பழைய எட்டு ஆசன வான் ஒன்று வாங்கினா. ஸ்பீட் ஹம்ப்பில் ஏறினால் முன்னால் டங்கு டங்கென்று அடிக்கும். சுஜீவா இரண்டு பக்கமும் புதுக் கொன்ட்ரோல் ஆர்ம் போடவேண்டும் என்றாள். சாமானைப் பொயிண்ட் குக்கில் கார் உதிரிச்சாமான் கடை வைத்திருக்கும் வாசுதேவனிடம் எடுத்தாள். வாசுதேவன் ஈரோட்டுக்காரர். விலை பேசமாட்டார், ஆனால் நல்ல சாமான்தான் தருவார்.

வெள்ளி காலை வான் ஹொயிஸ்டில். அன்ரி பட்டுச்சேலையோடு கதிரையின் நுனியில். கோயிலில் வாகனப் பூசைக்கும், சில்லுக்கடியில் வைத்து நசுக்குகிற எலுமிச்சங்காய்க்கும் சொல்லியாகிவிட்டது.

“பிள்ளை, இங்கத்தைக் கணக்கிலை பன்ரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை ராகுகாலம் துடங்குது. அதுக்கு முதல் தேசிக்காயிலை சில்லு ஏறோணும். பதினொண்டுக்கு நான் வெளிக்கிட்டே ஆகோணும்.”

“அன்ரி, இன்னும் அரை மணித்தியாலம் தாங்கோ.”

“ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார் பிள்ளை! எட்டுப் பேரை ஏத்துற வாகனம், நேரம் பிழைச்சு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?”

அன்றைக்குப் பார்த்து நாலு தூண் ஹொயிஸ்டில் வேறொரு கார், ஸ்டியரிங் கழற்றிய நிலையில். உடனே இறக்க முடியாது. மணி பத்து ஐம்பத்தைந்து. சுஜீவா வானின் சில்லுகள் தொங்கிக்கொண்டிருக்க, ரெஞ்சை எடுத்து நான்கு போல்டையும் அப்படியே இறுக்கினாள். திங்கட்கிழமை அலைன்மென்டுக்கு வருவா, அப்போது தளர்த்தி மறுபடி இறுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் இறுக்கினாள். திங்கட்கிழமை அன்ரி வந்தா, அலைன்மென்டும் நடந்தது. அந்த நான்கு போல்ட் மட்டும் அவள் நினைவிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது.

ஏழு மாதம் கழித்து, புரட்டாதி மழையில், ஃபிராங்ஸ்டன் டண்டினோங் றோட்டில் ஏழு வயோதிபர்களோடு போன வான், சிவப்பு விளக்குக்குப் பிரேக் போட்டதும் வலப்பக்கமாக அடுத்த வரிசைக்குள் இழுத்துக்கொண்டு போனது. அந்த வரிசையில் அப்போது எதுவும் வராததால் எல்லோரும் தப்பினார்கள். அன்ரி வானை மெல்ல ஊர்ந்தபடி கராஜுக்குக் கொண்டுவந்தா.

வானைத் தூக்கி லைற்றை அடித்ததுமே சுஜீவாவுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பின்புஷ் ரப்பர் வட்டமாகக் கிழிந்திருந்தது. பிரேக் போடும்போது கை பின்னுக்குப் போகிறது, சில்லின் கோணம் மாறுகிறது, வான் இழுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் படிப்பே தேவையில்லை. தன் கையெழுத்தைத் தானே வாசிப்பது போல இருந்தது.

அன்ரியும் கீழே வந்து எட்டிப் பார்த்தா. போனில் படம் எடுத்தா. “ஏழு மாசத்திலை இப்பிடிக் கிழியிறதோ? அந்த இந்தியாக்காரர் போலிச் சாமான் தந்திட்டார் போலை, என்ன பிள்ளை?”

அந்த இடத்தில் சுஜீவா வாயைத் திறந்து ஐந்து சொல் சொல்லியிருக்கலாம். “இல்லை அன்ரி, அது என்ரை பிழை.” அவள் சொன்னது “ம்.”

அந்த ‘ம்’ பொய்யா என்று கேட்டால், நானும் சொல்லுவேன், பொய்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் பதினாறு வருடமாக “மெக்கானிக் எங்கை” என்று கேட்டவர்கள் இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்கள். ஒரு பிழை வெளியே வந்தால், “பொம்பிளை இறுக்கினது அப்பிடித்தான் இருக்கும்” என்று கதைப்பார்கள். ஆண் மெக்கானிக் பிழை விட்டால் அந்த ஆள் மட்டும்தான் பிழை. அவள் விட்டால் இனி வரப்போகிற பெண்பிள்ளைகள் எல்லாரும் பிழை. இதெல்லாம் அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் தலைக்குள் ஓடியது. நியாயம் போலத்தான் தோன்றியது.

அன்றைக்கே வேறொரு கடையிலிருந்து சாமான் எடுத்துப் பூட்டினாள், வானை நிலத்தில் நிற்கவைத்து ஒழுங்காக இறுக்கினாள், கூலி வாங்கவில்லை. அன்ரி உருகிப்போனா. போன கையோடு கோயில் வான் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டு, வாசுதேவன் கடைச் சாமான் கவனம், சுஜீவாப்பிள்ளை கடவுள் மாதிரி வந்து காப்பாற்றினா என்று எழுதிவிட்டா.

குழுவில் நூற்றெண்பது பேர். பிறகு என்ன! ஒருவர் தன்னுடைய பிரேக் சத்தமும் அவர் சாமானால்தான் என்றார். அவரிடம் ஒரு சாமானும் வாங்காதவர்கள்தான் பெரிய குரலில் எழுதினார்கள். கிளேட்டனில் கராஜ் வைத்திருக்கும் பிரஷாந்தன், இனி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன், கண்டுபிடித்த சுஜீவா அக்காவுக்கு நன்றி என்று கைகூப்பிய படம் மூன்று போட்டான். அந்த மூன்று கைகளையும் பார்த்த சுஜீவா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வாசுதேவன் குழுவில் இருந்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமைகளில், “இந்த வாரம் என்ன வேணும் சுஜீவா?” என்று போன் எடுக்கிறவர், அந்தச் செவ்வாய் எடுக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சுபாங்கனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“ஏழு சனம் உள்ளுக்கை இருந்ததோ?”

“ஓம்.”

“வேறை வாகனம் ஏதும் உப்பிடி இறுக்கினியோ?”

“இல்லை. சத்தியமா இல்லை.”

“அப்ப வாகனத்தின்ரை பிழை திருந்தீட்டுது. உன்ரை பிழை நிக்குது.” பிறகு, “சொன்னா கடை அடிபடும், என்ன?” என்றான்.

“அடிபடும்.”

“எனக்கு உதிலை புத்தி சொல்லத் தெரியாது. ஆனா நீ நாலு நாளாச் சாப்பிடேல்லை.”

புத்தி சொல்லத் தெரியாதவன் சொன்னதே போதுமாக இருந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும், அதற்குப் பிறகும் அவள் நாலு நாள் இழுத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றே இழுத்தாள். எட்டாம் நாள் காலை கராஜைத் திறக்காமல், வெஸ்ட் கேட் பாலம் தாண்டிப் பொயிண்ட் குக்குக்கு விட்டாள்.

வாசுதேவன் கடையில் தனியாக இருந்தார். கவுண்டரில் திருப்பி வந்த பெட்டிகள் ஏழெட்டு அடுக்கியிருந்தன. “வாங்க” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

“அண்ணா, அந்த வான்... அது உங்கடை சாமான்ரை பிழையில்லை. நான் சில்லு தொங்கேக்கை இறுக்கினனான். என்ரை பிழை.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“போட்டோ வந்த அன்னைக்கே. சாமான் மட்டமா இருந்தா ரப்பர் இரும்பை விட்டுக் கழண்டு வரும். இது ரப்பரே முறுக்கிக் கிழிஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. முப்பது வருசமா இதைத்தானே வித்துட்டிருக்கேன்.”

“பேந்து ஏன் நீங்கள் சொல்லேல்லை?”

“சொல்லி? ‘சாமான் நல்லதுதாங்க, மெக்கானிக்தான் சரியில்ல’ன்னு சாமான் விக்கிறவன் சொன்னா எவன் நம்புவான்? உலகத்துல எல்லாக் கடைக்காரனும் அதைத்தானே சொல்றான். நீங்க சொன்னாத்தான் எடுபடும்.” பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதான் உட்கார்ந்திருந்தேன். இன்னைக்குச் சொல்வாங்க, நாளைக்குச் சொல்வாங்கன்னு. எட்டு நாள்.”

“அண்ணாவுக்குக் கோவம் இருக்கும்.”

“இருக்கு. இல்லாம எப்படி? வீட்டுக்காரியை நேத்து கடைத்தெருவுல ஒருத்தர் நிறுத்தி, ‘டூப்ளிகேட் விக்கிற வாசுதேவன் வீடா நீங்க’ன்னு கேட்டிருக்கார். அவ வந்து அழுதா. அப்பவும் உங்க பேரை நான் சொல்லலை.”

சுஜீவா அழுதாள். அவர் டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். சமாதானம் சொல்லவில்லை.

அவர் கடைக் கார் தரிப்பிடத்திலேயே இருந்து குழுவுக்குக் குரல்பதிவு போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. சாமான் நல்லது. நான் அவசரத்தில் சில்லு தொங்கும்போது இறுக்கினேன், பிறகு மறந்தேன். அன்ரி கேட்டபோது ‘ம்’ என்று சொல்லிப் பழியை வாசுதேவன் அண்ணா தலையில் போட்டேன். எட்டு நாள் வாய்மூடி இருந்தேன். மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

முதலில் போன் எடுத்தது விமலாதேவி அன்ரி.

“பிள்ளை, நான்தானே உன்னை நெருக்கினனான். அந்தக் கதையைச் சொல்லியிருக்கலாமே!”

“நெருக்கினது நீங்கள் அன்ரி, இறுக்கினது நான். ‘ம்’ எண்டதும் நான்.”

“நான்தான் குழுவிலை போட்டனான். நானும் அந்த மனுசனிட்டைப் போகோணும்” என்று சொல்லிவிட்டு அன்ரி போனை வைத்தா.

மற்றவர்கள் அப்படி இல்லை. பிரஷாந்தன் கைகூப்பிய படங்களை அழித்தான். தெரிந்தவர்கள் பலர் பதிவு செய்த நாளைத் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டது திரும்பி வரவில்லை. சுஜீவா பயந்த அந்தப் ‘பொம்பிளை இறுக்கினது’ வசனத்தையும் ஒருவர் குழுவிலேயே எழுதினார், எழுத்துப் பிழையோடு. அடுத்த மூன்று கிழமை நாலு தூண் ஹொயிஸ்டில் தூசி படிந்தது. வியட்நாம்காரர் ஒருவரும் அக்கம்பக்கத்து வெள்ளையர் சிலரும் வந்ததால் கடை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுஜீவா வீட்டில் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். ஆனால் கராஜை விற்றுவிட்டு யாரிடமாவது வேலைக்குப் போனால் என்ன என்ற யோசனையும் வரத் தொடங்கியிருந்தது.

நாலாம் கிழமை வியாழன் காலை, ஒரு சாம்பல் நிறக் கார் உள்ளே வந்தது. இறங்கியது வாசுதேவன். டிக்கியைத் திறந்து இரண்டு நீளப் பெட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தார். அவர் கடைப் பெட்டிகள்தான்.

“ரெண்டு பக்கமும் கண்ட்ரோல் ஆர்ம் மாத்தணும். போல் ஜாயின்ட் ஆடுது.”

“அண்ணா, அறுபது கிலோமீற்றர் ஓடி என்னட்டை வந்தனீங்களோ? பொயிண்ட் குக்கிலை ஆக்கள் இல்லையோ?”

“நிறைய இருக்காங்க. எல்லாரும் எங்கிட்டத்தான் சாமான் வாங்குறாங்க.”

“பேந்தேன் இஞ்சை?”

வாசுதேவன் சாவியை நீட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் பழைய அளவுக்கு இல்லை.

“அவங்களும் தப்புப் பண்ணத்தான் செய்வாங்க. பண்ணினா உங்களை மாதிரி நேர்ல வந்து எங்கிட்டச் சொல்வாங்களா? இந்த வண்டியில என் சம்சாரமும் பொண்ணும் போறாங்க.” சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். “ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை எட்டு நாள் ஆக்காதீங்க, அன்னைக்கே சொல்லிடுங்க.”

“ஓம் அண்ணா” என்றாள் சுஜீவா. அவர் அலுவலகக் கதிரையில் போய் உட்கார, அவள் காரை ஹொயிஸ்டுக்கு விட்டாள்.